வீழ்ந்தும் எழுந்த மிதிவண்டி வீரர்: பௌஸ்டோ கோப்பி

ஆற்றல் பெறுதல் அரிது. பெற்ற ஆற்றலை இழந்தபின் மீண்டும் பெறுதல் அதனினும் அரிது. முதன்முறை முயல்வோனுக்கு முன்னே நம்பிக்கை ஒன்றே நிற்கும். இரண்டாம் முறை முயல்வோனுக்கோ, முன்னாளில் தான் இருந்த நிலையின் நினைவும் உடன் வந்து நின்று அவனை ஓயாது நகையாடும். அன்று எளிதில் ஏறிய மேடு இன்று பெருமலையாய் நிற்கக் காணுங்கால், கால் சோர்வதற்கு முன்னே மனம் சோர்ந்துவிடுகின்றது. நோயினாலேனும், தேர்வு வந்தமையாலேனும் சில திங்கள் விளையாட்டுக் களத்தை விட்டிருந்து, பின்னர் மீண்டும் அதில் கால்வைத்த மாணவர் யாவரும் இதனை அறிவர். அத்தகையோர் அறிந்து மகிழத்தக்கது, இத்தாலி நாட்டு மிதிவண்டி வீரர் பௌஸ்டோ கோப்பியின் வரலாறு. மும்முறை அவர் இருந்த இடத்தினின்றும் வீழ்ந்தார், மும்முறையும் எழுந்தார். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இளமை

இத்தாலியின் வடமேற்கிலே, பீட்மாண்ட் பகுதியில், கஸ்தெல்லானியா என்னும் சிற்றூர் ஒன்று குன்றுகளிடையே உள்ளது. அவ்வூரில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில், 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், மக்கள் ஐவருள் நான்காமவராகக் கோப்பி பிறந்தார். மெலிந்த உடலினர், கால்கள் நீண்டும், எலும்புகள் எளிதில் முறியும் இயல்பினவாயும் இருந்தன. அவரைக் கண்டோர் எவரும் பிற்காலத்தில் இவர் உலகம் போற்றும் வீரராவார் என எண்ணியிரார்.

எட்டு வயதில், துருவேறித் தடைக்கட்டையும் இல்லாது கிடந்த பழைய சைக்கிள் ஒன்று அச்சிறுவர் கண்ணிற்பட்டது. அன்று பள்ளிக்குச் செல்லவேண்டும் என்பதை மறந்து, அதன்மீது ஏறி ஊர் சுற்றப் புறப்பட்டுவிட்டார். ஆசிரியர் சும்மா விடவில்லை. தாம் இருக்கவேண்டிய இடம் பள்ளியே அன்றிச் சைக்கிள் அன்று என்பதை நூறுமுறை எழுதுமாறு தண்டித்தார். அத்தண்டனை பயன் தந்ததாகத் தோன்றவில்லை. பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு, அடுத்துள்ள நோவி லீகுரே என்னும் ஊரில் இறைச்சிக் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு இறைச்சிப் பொட்டலங்களைச் சைக்கிளில் கொண்டு சேர்ப்பதே அவருக்கு இட்ட பணி. மேடும் பள்ளமுமான அவ்வழிகளே அவருக்கு முதற் பயிற்சிக்களம் ஆயின.

கப்பலில் பணியாற்றிய அவருடைய சிற்றப்பனார், சிறுவரின் ஆர்வத்தை அறிந்து பந்தயச் சைக்கிள் வாங்கப் பொருளுதவி செய்தார். 1938-இல் பந்தயத்தில் கலந்துகொள்ளும் உரிமைச்சீட்டினைப் பெற்ற கோப்பி, அவ்வாண்டில் ஏனையோரைப் பின்னே விட்டுத் தனியராய் வந்து முதல் வெற்றியை அடைந்தார். பரிசாகக் கிடைத்தது ஒரு மணியடிக்கும் கடிகாரம். பிற்காலத்தில் விடியுமுன் எழுவதையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட அவருக்கு இதனினும் பொருத்தமான பரிசு வேறு யாது?

கண்ணில்லாத ஆசான்

நோவி லீகுரே நகரில் பியாஜியோ கவன்னா என்னும் ஒருவர் இருந்தார். பந்தய வீரர்களின் தசைகளைப் பிடித்துவிட்டுப் பயிற்றுவித்தல் அவர் தொழில்; புகழ்வாய்ந்த வீரர் ஜிரார்தெங்கோவுக்கும் அவர் அப்பணி செய்தவர். நடுவயதில் இரு கண்களும் பார்வையிழந்தன. ஆயினும் அவருடைய விரல்கள் கண்களாயின. கோப்பியின் கால்களையும் மார்பையும் தடவிப் பார்த்த அம்முதியவர், இவ்விளைஞரிடம் புதைந்து கிடந்த ஆற்றலை உணர்ந்துகொண்டார். கண்ணுடையார் பலர் காணாததைக் கண்ணற்ற ஒருவர் கண்டார் என்னல் வேண்டும்.

கவன்னாவின் நெறி கடுமையானது. விடியுமுன் எழுதல், அளவறிந்து உண்ணல், நாள்தோறும் நெடுவழி செல்லல், மீண்டபின் உடலை அவரிடம் ஒப்படைத்தல், முன்னிரவிலேயே உறங்குதல் ஆகிய இவை தவறாது நிகழவேண்டும். ஒரு நாள் பயிற்சியில் ஏமாற்றினும், மாலையில் தசையைத் தொட்டுப் பார்க்கும் அவ்விரல்களை ஏமாற்ற இயலாது.

1940-ஆம் ஆண்டு, இத்தாலியைச் சுற்றிப் பல நாள் நடைபெறும் ஜீரோ என்னும் பெரும்பந்தயத்தில், அந்நாளைய தலைசிறந்த வீரராகிய ஜீனோ பர்த்தாலிக்குத் துணைவராகவே கோப்பி சேர்க்கப்பட்டார். இரண்டாம் நாளிலேயே பர்த்தாலி நாய் ஒன்றின்மீது மோதி வீழ்ந்து பின்தங்கினார். துணைவராய் வந்த கோப்பி தலைவராகி, இருபதே வயதில் அப்பந்தயத்தை வென்றார். பந்தயம் முடிந்தது ஜூன் 9-ஆம் நாள். மறுநாளே இத்தாலி போரில் இறங்கியது. புகழின் வாயிலை அடைந்த அன்றே அவ்வாயில் சாத்தப்பட்டது.

படையிற் சேர்க்கப்பெற்ற பின்னும் சில காலம் பயிற்சி செய்ய இடம் கிடைத்தது. 1942-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், குண்டுவீச்சுக்கு இலக்காகியிருந்த மிலான் நகரின் விகொரெல்லி ஓட்டக்களத்தில், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு செல்லலாகும் என்னும் சோதனையில், 45 கிலோமீட்டருக்கு மேற்சென்று உலகச் சாதனை நிகழ்த்தினார். முந்திய சாதனையினும் இது 31 மீட்டரே மிகுதி. எனினும் 1956 வரை அதனை எவரும் கடந்திலர்.

சிறையும் மீட்சியும்

1943-ஆம் ஆண்டில் கோப்பியின் படைப்பிரிவு வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஏப்ரலில் துனீசியாவிலே ஆங்கிலேயர் கையிற் சிறைப்பட்டார். கைதிகள் முகாமில் சில்லறை வேலைகள் செய்தார். பிறருக்கு முடிவெட்டும் பணியும் செய்தார். உலகச் சாதனை நிகழ்த்திய கால்கள் முள்வேலிக்குள்ளே முடங்கிக் கிடந்தன.

நெடுநாட் பயிற்சி நிற்கும்போது உடலில் நிகழ்வது யாது என்பதை இக்கால உடல்நூலார் ஆராய்ந்து கூறுகின்றனர். பயிற்சி நின்ற சில வாரங்களுக்குள்ளேயே குருதியின் அளவு குறைகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியும் குறைகின்றது. உயிர்வளியைக் கொண்டு ஆற்றலை ஆக்கும் தசைகளின் திறமும் படிப்படியாகத் தளர்கின்றது. இதனால்தான் முன்பு மூச்சு வாங்காமல் ஏறிய மேட்டில் இப்போது நெஞ்சு படபடக்கின்றது. ஆயினும் நற்செய்தி ஒன்றும் உண்டு. பல்லாண்டு முறையாகப் பழகிய உடல், ஒருநாளும் பழகாத உடலைப்போல் அடிமுதல் தொடங்கவேண்டுவதில்லை. தரிசாய்க் கிடந்த நன்செய், மீண்டும் உழுதால் புதிதாய்த் திருத்திய காட்டினும் விரைவில் விளைவு தருதல் போல்வது இது. ஆனால் உழவேண்டும், அதுவும் சிறிது சிறிதாக உழவேண்டும். பழைய வேகத்தை முதல்வாரத்திலேயே அடைய நினைப்பவன் தசையைக் கிழித்துக்கொள்வான், அன்றேல் மனமுடைந்து விட்டுவிடுவான்.

1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோப்பி இத்தாலியின் தென்பகுதியிலுள்ள கசெர்த்தா நகருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆங்கிலேய அதிகாரி ஒருவருக்குப் பணியாளராக அமர்த்தப்பட்டார். தமக்கு வேலை செய்பவர் இத்தாலியின் பெருவீரர் என்பதே அவ்வதிகாரிக்குத் தெரியாது. போர் முடியும் தறுவாயாதலின், அப்பகுதியில் வெளியே சென்றுவர இசைவு கிடைத்தது. கால்கள் இருந்தன; சைக்கிள் இல்லை. நாபொலி நகர்ச் செய்தித்தாள் ஒன்று கோப்பிக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என வேண்டுகோள் வெளியிட்டது. அதனைக் கண்டு, அருகிலிருந்த ஊரினராகிய தச்சர் ஒருவர் தம்மிடமிருந்த சைக்கிளை மனமுவந்து கொடுத்தார். போரினால் நாடே வறுமையுற்றிருந்த அந்நாளில் ஒரு தொழிலாளிக்குச் சைக்கிள் எத்துணை அரிய பொருள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோப்பியின் மறுபிறப்பு அத்தச்சரின் கொடையில் தொடங்கிற்று.

விடுதலை பெற்றதும், சைக்கிளிலும், வழியிற் கிடைத்த வண்டிகளிலுமாக, போரினால் சிதைந்த நாட்டைக் கடந்து வடக்கே தம் ஊர் வந்து சேர்ந்தார். 1945 ஜூலை 8-ஆம் நாள் மிலானில் நடைபெற்ற பந்தயமொன்றில் வென்றார். ஆயினும் அது நகருக்குள்ளே சுற்றிவரும் குறும்பந்தயம். நெடுவழியைத் தாங்கும் வலிமை மீண்டதா என்பது இன்னும் அறியப்படாமலே இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் புரூனா என்னும் மங்கையை மணந்தார். பியாங்கி என்னும் சைக்கிள் நிறுவனத்தின் அணியிற் சேர்ந்தார். அடுத்த இளவேனிலில் நடைபெறவிருந்த மிலான்–சான் ரெமோ பந்தயமே அவருக்குக் குறியாயிற்று.

அது சிறிய குறியன்று. மிலான் நகரினின்று தெற்கே சமவெளியைக் கடந்து, துர்க்கீனோ என்னும் கணவாயில் ஏறி, மலையின் மறுபுறம் கடற்கரையில் இறங்கி, அக்கரையோரமாகவே மேற்கு நோக்கிச் சென்று சான் ரெமோவை அடையவேண்டும். ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவை ஒரே பகலில் கடத்தல் வேண்டும். குளிர்காலம் முழுவதும் கோப்பி கவன்னாவின் பழைய நெறிக்குத் தம்மை ஒப்புவித்தார். தனியே சென்றாரில்லை. தம்பி செர்ஸேயும் சைக்கிள் வீரராதலின் அவரும் உடனிருந்தார். கவன்னாவின் மாணாக்கர் பிறரும் உடன் சென்றனர். குளிரில் போர்வையை விட்டெழ மனமில்லாத காலைகளில், வாயிலில் ஒருவர் காத்துநிற்கின்றார் என்னும் எண்ணமே ஒருவனை எழுப்பிவிடும். எறும்பு ஊர ஊரக் கல்லும் குழியுமன்றோ? நாளொரு பாதையும் வாரமொரு மலையுமாகப் போனது மீளத் தொடங்கியது.

1946 மார்ச்சு 19-ஆம் நாள் பந்தயம் தொடங்கியது. முடிவில்தான் வேகம் காட்டவேண்டும் என்பது அனைவரும் கொண்ட கொள்கை. கோப்பியோ மிலான் நகரை நீங்கிய சிறிது நேரத்திற்குள்ளாகவே, முன்னோடிய சிலருடன் தாமும் கூடிவிட்டார். இது பயனற்ற துடுக்கு என்றே பலரும் எண்ணியிருப்பர். வழியில் ஒருவர் பின் ஒருவராகத் துணைவர் பின்தங்கினர். துர்க்கீனோ ஏற்றத்தில் எஞ்சியவர் பிரெஞ்சு வீரர் தெய்ஸேர் ஒருவரே. அவரும் அம்மேட்டில் விடப்பட்டார். போரினால் பழுதுற்ற மலைச்சுரங்கத்தின் இருளுள் நுழைந்த கோப்பி, மறுபுறம் கடலொளியில் தனியராய் வெளிப்பட்டார். வழியில் ஏறக்குறையப் பாதி இன்னும் எஞ்சியிருந்தது. அதனையும் தனித்தே கடந்து சான் ரெமோவை அடைந்தார். இரண்டாவதாக வந்த தெய்ஸேர் எல்லையைத் தொட 14 நிமிடம் ஆயிற்று. அவ்விடைவெளியை நிரப்ப வானொலியார் இசைத்தட்டுப் போடவேண்டியதாயிற்று என்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. போரினால் நொந்திருந்த இத்தாலிய மக்களுக்கு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த அவ்வீரரின் தோற்றம் தம் நாட்டின் தோற்றமாகவே பட்டது.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 1947-இல் ஜீரோவை மீண்டும் வென்றார். 1949-இல் ஜீரோவின் ஒருநாட் கட்டத்தில், ஆல்ப்ஸ் மலையின் ஐந்து கணவாய்களைக் கடந்து 192 கிலோமீட்டர் தனியராய்ச் சென்று, பர்த்தாலியை ஏறக்குறைய 12 நிமிடம் பின்னே விட்டார். அவ்வாண்டே பிரான்சைச் சுற்றும் பெரும்பந்தயமாகிய தூரையும் வென்று, இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் வீரரானார்.

இரண்டாம் வீழ்ச்சியும் மூன்றாம் வீழ்ச்சியும்

1950 ஜூனில், ஜீரோ பந்தயத்தின் நடுவே வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். பல வாரம் படுக்கை, பின்னர் நடைபழகல், பின்னர் மீண்டும் சைக்கிள். 1951 மார்ச்சில் தோளெலும்பு முறிந்தது. அதனினின்றும் எழுந்தார். எலும்பு முறிதல் அவருக்குப் பழகிய துன்பமே. முறிந்த எலும்பு இத்தனை வாரத்தில் கூடும் என்று மருத்துவர் கூறிவிடலாம். உள்ளம் முறிந்தால் அது கூடும் நாளைக் குறிப்பார் எவருமில்லை.

அத்துன்பம் 1951 ஜூன் 29-ஆம் நாள் வந்தது. துரீன் நகரில் முடிவுற்ற ஒரு பந்தயத்தில், தம்பி செர்ஸேயின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்க, அவர் வீழ்ந்தார். தாமே எழுந்து விடுதிக்குச் சென்றார். பெருங்காயம் எதுவும் தோன்றவில்லை. சில மணி நேரத்தில் மூளையிற் குருதி கசிந்து உயிர் துறந்தார். குளிர்காலக் காலைகளில் உடன் சென்றவர், 1949-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முதலிடத்தைப் பகிர்ந்து கொண்டவர், தமையனின் வாட்டத்தை நகைமொழியால் ஓட்டியவர், இருபத்தெட்டு வயதில் மறைந்தார். கோப்பி பந்தய வாழ்க்கையையே துறந்துவிட எண்ணினார்.

ஒரு வாரம் கழியுமுன்னே தூர் பந்தயம் தொடங்கியது. அணியினரின் பொருட்டுச் சென்றார். கால்கள் சுழன்றன, உள்ளம் உடன் செல்லவில்லை. மொம்பெலியே நகருக்குச் சென்ற நாளில், வெயிலில் வாடி, அரைமணி நேரத்துக்கு மேற் பின்தங்கினார். அவரைத் தனியே விடாமல் அணித்தோழர் சூழ்ந்து நின்று அன்றைய எல்லைவரை கொண்டு சேர்த்தனர். சில நாள் கழித்து ஆல்ப்ஸ் மலையில் ஒரு கட்டத்தை வென்றாராயினும், இறுதியில் பத்தாம் இடமே பெற்றார்.

அவ்வாண்டின் குளிர்காலம் 1945-இன் குளிர்காலத்தினும் கடியது. முன்பு உடல் தளர்ந்திருந்தது. உள்ளம் ஏங்கி நின்றது. இப்போது உடல் இருந்தது, உள்ளம் இல்லை. உடல்வலி இழந்தவனுக்குப் பயிற்சி மருந்தாகும். ஊக்கத்தை இழந்தவனுக்கு அம்மருந்தை உண்ணும் விருப்பமே இராது. அவனை எழுப்பப் பிறர் கை வேண்டும். கவன்னாவும் அவரிடம் பயின்ற தோழரும் அக்கையாயினர். அவருள் ஒருவர் அந்திரேயா கரேயா. அவர் செருமானியரின் புக்கன்வால்டு வதைமுகாமிற் கிடந்து உயிர் தப்பியவர்; தமக்கென வெற்றி வேண்டாது, கோப்பிக்காகவே காற்றை எதிர்த்து முன்செல்வதைத் தம் கடனாகக் கொண்டவர்.

1952-ஆம் ஆண்டு தூர் பந்தயத்தில் நிகழ்ந்ததொன்று இத்தோழமையைக் காட்டும். லொசான் நகருக்குச் சென்ற நாளில், முன்னோடிய கூட்டத்துடன் சென்ற கரேயா, எதிர்பாரா வகையிலே ஒட்டுமொத்தத்தில் முதல்வராகி, முதல்வர்க்குரிய மஞ்சட் சட்டையைப் பெற்றார். பெற்றவர் மகிழ்ந்தாரல்லர், தலைவருக்குரியதைத் தாம் கவர்ந்துவிட்டதாக அஞ்சி அழுதார். கோப்பி அவரை வாழ்த்தித் தேற்றினார். மறுநாள் ஜூலை 4. ஆல்ப் துவேஸ் என்னும் செங்குத்தான மலை அப்பந்தயத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட நாள். அன்று கோப்பி அனைவரையும் விட்டு மேலேறி முதல்வராய் முடித்து, மஞ்சட் சட்டையையும் பெற்றார். பாரிஸை அடைந்தபோது இரண்டாமவருக்கும் அவருக்கும் இடைவெளி 28 நிமிடத்துக்கு மேலிருந்தது. அவர் முன்னே செல்லும் அளவைக் கண்டு, ஏனையோர் ஊக்கம் இழவாதிருத்தற்காக இரண்டாம் இடத்துக்குரிய பரிசை நடத்துவோர் உயர்த்தவேண்டி வந்தது. அவ்வாண்டு ஜீரோவையும் அவரே வென்றார். 1953-இல் ஐந்தாம் முறையாக ஜீரோவையும், லுகானோவில் உலகச் சாலைப்பந்தயப் பட்டத்தையும் பெற்றார்.

குறைகளும் முடிவும்

பெரியார் வரலாற்றைக் கூறுங்கால் குறைகளை மறைத்தல் முறையன்று. அந்நாளில் தடைசெய்யப்படாதிருந்த கிளர்ச்சி மருந்துகளைக் கோப்பி உட்கொண்டதுண்டு. அதனை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இல்லறத்தினின்று வழுவி, 1955-இல் வழக்குமன்றத்திலும் நிற்க நேர்ந்தது. நாற்பது வயதை அணுகியும் பந்தயத்தை விடமுடியாமல், முன்னாளில் தாம் எளிதில் வென்ற இளையோர்க்குப் பின்னே வருதலையும் பொறுத்துக்கொண்டார். எழுவதற்கு ஒரு காலம் உண்டாதல் போல, இறங்கி அமர்வதற்கும் ஒரு காலம் உண்டு என்பதை அவர் அறிந்தாரில்லை போலும்.

1959 டிசம்பரில், இன்று புர்க்கினா பாசோ என வழங்கும் மேல் வோல்ட்டா நாட்டிற்குப் பந்தயம் ஒன்றின் பொருட்டுச் சென்றார். அங்கே கொசுவினால் மலேரியா பற்றியது. ஊர் திரும்பியபின் காய்ச்சல் கண்டது. மருத்துவர் நோயை வேறொன்றென மயங்கினர். உடன் சென்ற பிரெஞ்சு வீரர் ஜெமினியானிக்கும் அந்நோயே வந்தது; ஆனால் அவருக்கு நோய் இன்னதென அறியப்பட்டு, உரிய மருந்து தரப்பட்டமையால் பிழைத்தார். கோப்பி 1960 ஜனவரி 2-ஆம் நாள் தொர்த்தோனா நகர் மருத்துவமனையில் நாற்பதாம் வயதில் உயிர் நீத்தார். மலைகள் வெல்லமுடியாதவரை ஒரு சிறு கொசு வென்றது. கஸ்தெல்லானியாவில் தம்பி செர்ஸேயின் அருகே துயில்கின்றார். 1965 முதல் ஜீரோ பந்தயத்தில் ஆண்டுதோறும் மிக உயர்ந்த கணவாய்க்குக் கோப்பி சிகரம் என்று பெயரிட்டு வழங்குகின்றனர். அவர் பிறந்த ஊரும் 2019-இல் கஸ்தெல்லானியா கோப்பி எனப் பெயர்மாற்றம் பெற்றது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! கோப்பியின் வெற்றிகளை எண்ணி வியத்தல் எளிது. அவற்றினும் நாம் கருதத்தக்கவை, எவரும் காணாத இரண்டு குளிர்காலங்கள். ஒன்றில் அவர் போன வலிமையை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தார். மற்றொன்றில் போன ஊக்கத்தைப் பிறர் தர ஏற்றுக்கொண்டார். முன்னது பொறுமையின் பாற்பட்டது. பின்னது பணிவின் பாற்பட்டது. ஒரு தச்சரின் சைக்கிளும், ஒரு குருடரின் விரல்களும், ஒரு தம்பியின் துணையும், வதைமுகாமினின்று மீண்ட ஒரு தோழரின் கண்ணீரும் இன்றேல் கோப்பி என்னும் பெயரை நாம் அறிந்திரோம்.

நம்முள்ளும் இடையில் விட்ட படிப்பையோ, நின்ற பயிற்சியையோ மீண்டும் தொடங்க நாணி நிற்பார் சிலர் உளர். அவர்கள் முன்னாளைத் தம்மோடு ஒப்பிடுதலை விட்டு, நேற்றோடு இன்றை ஒப்பிடுவாராக. ஏனையோர், விடியற்காலையில் அவர்கள் வாயிலில் சென்று காத்துநிற்பாராக.